பேரப்பிள்ளைங்களோட முதல் தடவை தீவுக்கு போற பாட்டிமாருக்கு: கடல் வத்துற நேரத்த பாத்து நாள பிளான் பண்ணுங்க

போன லீவுல மக, மருமகன், பேத்தி, பேரன், நான்னு அஞ்சு பேரும் ஒரு தீவுல 8 நாள் இருந்துட்டு வந்தோம். பேத்திக்கு 11 வயசு, பேரனுக்கு 6, எனக்கு 68, அதுல ஒரு முட்டி சரியில்ல. வந்ததுல இருந்து என் வயசுக்காரங்க எல்லாரும் ஒரே கேள்விதான் கேக்கறாங்க, அங்க போய் நீங்க என்ன பண்ணீங்க, அவங்க தண்ணில இறங்கிட்டா நீங்க பைய பாத்துக்கிட்டு உக்காந்திருந்திருப்பீங்களேன்னு. அப்படி இல்லவே இல்லங்க. இயற்கைய பாக்கணும்னு போனா வீட்டுல மெதுவா நடக்கற ஆளுக்குத்தான் அதிகம் கண்ணுல படும், இத நான் மனசார நம்பறேன், அதனாலதான் இவ்வளவு நீளமா எழுதறேன். முதல் தடவை போறவங்க எதுல ஆரம்பிக்கணுமோ அதுல இருந்து வரிசையா சொல்றேன்.

முதல்ல எந்த மாதிரி தீவு, எந்த மாசம்

டிக்கெட் பாக்கறதுக்கு முன்னாடி இத முடிவு பண்ணுங்க. வெப்பமண்டல தீவுல பெரும்பாலும் ரெண்டு ஜாதி. ஒண்ணு எரிமலையால வந்தது, நடுவுல மலை, காடு, அருவி எல்லாம் இருக்கும், ஹவாய், ரியூனியன் மாதிரி. இன்னொண்ணு பவளத்தால உண்டானது, தட்டு மாதிரி தட்டையா இருக்கும், மாலத்தீவு மாதிரி. முட்டி வலிக்காரங்களுக்கு தட்டையான தீவு நடக்க சுகம், ஆனா அங்க ஆறு கிடையாது, பெரிய காடு கிடையாது, நிழலும் கம்மி. மலைத்தீவுல பாக்க ஆயிரம் இருக்கு, ஆனா வழுக்கும், படி ஏறணும். குடும்பத்துல யாருக்கு என்ன முடியும்னு நேர்மையா பேசிட்டு தேர்ந்தெடுங்க, வெக்கப்பட்டு "எனக்கு எல்லாம் முடியும்"னு சொல்லிட்டு அங்க போய் ரூம்ல படுத்துக்க வேண்டாம்.

மலைத்தீவுல இன்னொரு விஷயம். காத்து எந்தப் பக்கத்துல இருந்து வருதோ அந்தப் பக்கம் மேகம் மலையில மோதி மழையா கொட்டும், மறுபக்கம் காய்ஞ்சு கிடக்கும். பீச் ஹோட்டலுங்க அனேகமா காய்ஞ்ச பக்கம், காடும் அருவியும் ஈரமான பக்கம். எது முக்கியமோ அந்தப் பக்கத்துல தங்குங்க, இல்லன்னா லீவுல பாதி கார்லயே போயிடும்.

மாசம் பாக்கறப்ப புயல் காலத்த பாருங்க. கரீபியன் பக்கம் ஜூன்ல இருந்து நவம்பர் வரைக்கும், தெற்கு பசிபிக், மொரிஷியஸ் பக்கம் நவம்பர்ல இருந்து ஏப்ரல் வரைக்கும். பூமத்திய ரேகைக்கு ரொம்ப கிட்ட, 5 டிகிரிக்குள்ள, புயல் உருவாகறது அபூர்வம், அதனால சீஷெல்ஸோட முக்கிய தீவுங்க மாதிரி இடத்துல புயல் பயம் கம்மி, மழை மட்டும் பாத்துக்கிட்டா போதும்.

தங்கற இடம்

ஒரே இடம். 8 நாளைக்கு மூணு தீவுன்னு மருமகன் பிளான் போட்டாரு, நான்தான் வேண்டாம்னேன், போட் ஏறி இறங்கறதுலயே பிள்ளைங்களும் நானும் துவண்டு போயிடுவோம்னு. ஒரே கரைய எட்டு நாளும் பாத்தாத்தான் அது நாளுக்கு நாள் மாறறது தெரியும். புக் பண்றதுக்கு முன்னாடி போன் போட்டு கேளுங்க: ரூம்ல இருந்து தண்ணி வரைக்கும் எத்தன படி, கைப்பிடி இருக்கா, முன்னாடி கடல் பவளத்திட்டுக்கு உள்பக்கமா இல்ல திறந்த கடலா. பவளத்திட்டு அலைய வாங்கிக்கும், உள்ள குளம் மாதிரி இருக்கும், சின்னப் பிள்ளைக்கும் நமக்கும் அதுதான் சரி. போட்டோல எல்லா கடலும் ஒண்ணு மாதிரிதான் தெரியும், கேட்டாத்தான் தெரியும்.

பையில என்ன வெக்கணும்

மருந்து எல்லாம் கையோட எடுத்துட்டு போற பையில, போறது வர்றது போக மூணு நாளைக்கு கூடுதலா. கடல் சரியில்லன்னா போட் நின்னுடும், மருந்துக்கடை பக்கத்துத் தீவுல இருக்கலாம். பிபிக்கு நீர் பிரியற மாத்திரை சாப்பிடறவங்க போறதுக்கு முன்னாடி டாக்டர்கிட்ட கட்டாயம் பேசுங்க, அந்த வெக்கைல வேர்த்து கொட்டறப்ப அந்த மாத்திரையும் சேந்தா எந்திரிக்கறப்ப தலை கிர்ருனு சுத்தும். இன்சுலின் போடறவங்க அத வெயில்ல விடாதீங்க, ஐஸ் மேலயும் நேரா வெக்காதீங்க, உறைஞ்சாலும் வீணாயிடும்.

செருப்பு பத்தி கொஞ்சம் கறாரா சொல்றேன். ஹவாய் செப்பல் போட்டுக்கிட்டு பாறையில நடக்கவே நடக்காதீங்க. குதிகால மூடின, அடி கெட்டியான, தண்ணி வடியற ஷூ ஒண்ணு வாங்கி வீட்டுலயே ஒரு வாரம் போட்டு பழகுங்க. கூட ஒரு ஊன்றுகோல், அடியில ரப்பர் போட்டது. எனக்கு அந்தக் குச்சிதான் மூணாவது கால்.

சன்ஸ்கிரீன விட முழுக்கை சட்டை, தொப்பி, கழுத்துக்கு துணி, இதுதான் மேல். பூசித்தான் ஆகணும்னா டப்பாவுல பேர பாருங்க, ஆக்சிபென்சோன், ஆக்டினோக்சேட் ரெண்டும் பவளத்துக்கு கெடுதல்னு ஹவாய்ல 2018ல சட்டம் போட்டு 2021 ஜனவரில இருந்து அத போட்ட கிரீம கடையில விக்கவே விடறதில்ல, பசிபிக்ல இருக்கற பலாவு நாட்டுல 2020லயே நிறுத்திட்டாங்க. கொசு மருந்து பகல்லயும் பூசணும், டெங்கு கொசு பகல்லதான் கடிக்கும்.

இப்ப முக்கியமான விஷயம், டைட் டேபிள், அதாவது கடல் ஏறற, வத்துற நேரத்தோட அட்டவணை

இத கத்துக்காம தீவுக்கு போறது கண்ண கட்டிக்கிட்டு போற மாதிரி. கடல் ஒரு நாளைக்கு பெரும்பாலான இடத்துல ரெண்டு தடவ ஏறும், ரெண்டு தடவ வத்தும். ஏறி முடிஞ்சதுல இருந்து வத்தி முடியறதுக்கு 6 மணி நேரத்துக்கு கொஞ்சம் கூட. இந்த சுத்து தினம் சுமார் 50 நிமிஷம் தள்ளிப்போகும், இன்னைக்கு காலைல 7 மணிக்கு வத்தம்னா நாளைக்கு 7.50 போல. சந்திரன் தான் காரணம், அதனால அமாவாசை, பௌர்ணமி ஒட்டின நாள்லயும் அதுக்கு அடுத்த ஒண்ணு ரெண்டு நாள்லயும் கடல் ரொம்ப உள்ள வாங்கும், அரை நிலா அன்னைக்கு அவ்வளவா வாங்காது. அந்த பெரிய வத்தம் ஒரு இடத்துல பெரும்பாலும் கிட்டத்தட்ட ஒரே மணிக்குத்தான் வரும், அதனால போற இடத்து அட்டவணைய முன்னாடியே எடுத்து வெச்சு, அது காலைல வெயில் ஏறறதுக்கு முன்னாடி வருதான்னு பாத்து தேதிய போடுங்க. இந்த ஒரு வேலை பண்ணிட்டீங்கன்னா மத்ததெல்லாம் தானா அமையும். (எல்லா இடமும் இப்படி இல்ல. தாஹித்தில சந்திரனோட இழுப்பு அவ்வளவா தெரியாது, சூரியன் இழுக்கறதுதான், அதனால அங்க தினமும் மத்தியானம் 12 மணி போல ஏறும், காலையும் சாயங்காலமும் 6 மணி போல வத்தும். கரீபியன்ல பல இடத்துல ஏத்தமும் வத்தமும் ரொம்ப கொஞ்சம்தான்.)

நாங்க பண்ணின தப்ப சொல்லிடறேன். மூணாவது நாள், வத்தத்துல ஒரு மணல் திட்டு மேல நடந்து பக்கத்துல இருந்த குட்டித் தீவுக்கு போனோம். போன்ல பாத்த நேரம் தீவோட அந்தப் பக்கம் இருக்கற துறைமுகத்துக்கு உள்ளது, நாங்க இருந்த பக்கம் அதுக்கு முன்னாடியே வத்தி முடிஞ்சு ஏற ஆரம்பிச்சிருக்கு. திரும்பறப்ப நடு வழில தண்ணி என் முட்டி வரைக்கும், பேரன மருமகன் தோள்ல தூக்கிக்கிட்டாரு, மக என் கைய பிடிச்சுக்கிட்டா, ஒருத்தரும் பேசல. ஒண்ணும் ஆகல, ஆனா அன்னைக்கு ராத்திரி எனக்கு தூக்கம் வரல. கடல் ஏறறது ஒரே வேகத்துல இல்லங்க, முதல் மணி நேரம் மெதுவா ஏறும், மூணாவது நாலாவது மணி நேரத்துல விறுவிறுன்னு ஏறும், மொத்த ஏத்தத்துல பாதி அந்த ரெண்டு மணி நேரத்துலயே வந்துடும். அதனால என்ன பண்ணணும்னா, நீங்க நிக்கற கரைக்கு உண்டான நேரத்த அங்க மீன் பிடிக்கறவங்ககிட்ட கேட்டு சரி பாத்துக்கோங்க, வத்தம் முடியறதுக்கு ஒரு மணி நேரம் முன்னாடி இறங்குங்க, வத்தம் முடியற நேரத்துக்கு போன்ல அலாரம் வெச்சுக்கோங்க, அது அடிச்சதும் என்ன அதிசயம் கண்ணு முன்னாடி இருந்தாலும் கரைய பாத்து திரும்புங்க. குட்டித்தீவுக்கெல்லாம் நடந்து போகவே வேண்டாம்.

வத்தத்துல நடக்கறது எப்படி

கடல் உள்ள வாங்கினதும் பாறைக் குழியில தண்ணி தேங்கி நிக்கும். அங்கதான் நம்ம வேலை. எல்லாரும் பண்ற தப்பு, ஒரு குழிய பாத்துட்டு ஒண்ணுமில்லன்னு அடுத்ததுக்கு தாவறது. நான் ஒரு மடக்கு ஸ்டூல் எடுத்துட்டு போனேன். ஒரு குழிகிட்ட போட்டு, நிழல் தண்ணி மேல விழாத பக்கமா உக்காந்து, பத்து நிமிஷம் அசையாம இருக்கணும்னு பிள்ளைங்ககிட்ட சொன்னேன். முதல் ரெண்டு நிமிஷம் வெறும் தண்ணி. அப்புறம் கல்லுன்னு நெனச்சது நகரும். கண்ணாடி மாதிரி ஒரு இறால் தெரியும், அதோட கண்ண வெச்சுத்தான் கண்டுபிடிக்க முடியும்.

நாலாவது நாள் பேத்தி என் பக்கத்துல குத்த வெச்சு உக்காந்திருந்தா. ஒரு துறவி நண்டு, கட்டவிரல் நகம் அளவுதான் இருக்கும், முதுகுல ஒரு உடைஞ்ச சங்க சுமந்துக்கிட்டு ஒரு காலி சங்குகிட்ட வந்து நின்னுச்சு. கால உள்ள விட்டு விட்டு அளந்து பாத்துச்சு, சங்க ஒரு சுத்து உருட்டுச்சு, உள்ள இருந்த மணல எடுத்து வெளிய போட்டுச்சு. திரும்ப அளந்துச்சு. அப்புறம் ஒரே நொடி, பழைய சங்குல இருந்து உருவிக்கிட்டு வந்து புதுசுல பின்பக்கமா நுழைஞ்சிடுச்சு, அந்த நொடில அதோட உடம்ப பாத்தோம், பின்பாகம் ஓடே இல்லாம மெத்துன்னு சுருண்டு இருந்துச்சு. பேத்தி மூச்சே விடல. கொஞ்ச நேரத்துல அத விட சின்னது ஒண்ணு எங்கிருந்தோ வந்து அந்த உடைஞ்ச சங்க அளக்க ஆரம்பிச்சுச்சு. சில சமயம் இதுங்க பெருசுல இருந்து சின்னது வரைக்கும் வரிசையா நின்னு வீடு மாத்திக்குமாம், ஒண்ணு மாறினதும் அடுத்தது அதோட வீட்டுக்கு. நல்ல சங்கு ஒண்ணு கரையில இல்லன்னா அந்த வரிசை மொத்தமும் அப்படியே நிக்கும்.

தொடாம பாக்கணும்ங்கறது மரியாதைக்கு மட்டும் இல்ல, உயிருக்கும். அழகா கோலம் போட்ட மாதிரி கூம்பு வடிவ சங்கு கிடந்தா எடுக்கவே கூடாது, உள்ள நத்தை உயிரோட இருந்தா விஷ முள்ளால குத்தும், பெரிய வகை குத்தினா ஆள் செத்துடலாம், அதுக்கு மாத்து மருந்தும் இல்ல. முதுகுல விஷ முள்ளு இருக்கற கல்மீன் பாறை மாதிரியே கிடக்கும், அதனாலதான் கெட்டி ஷூ. ஆழமில்லாத மணல்ல நடக்கறப்ப கால தூக்கி வெக்காம தேச்சு தேச்சு நடங்க, மணலுக்குள்ள படுத்திருக்கற திருக்கை விலகிப் போயிடும். கல்மீனோ திருக்கையோ குத்திட்டா, தாங்கற அளவுக்கு சுடுதண்ணில, சுமார் 45 டிகிரி, ஒரு மணி நேரம் போல கால வெச்சா வலி குறையும், ஆனா ஆஸ்பத்திரிக்கு போறத தள்ளிப்போடாதீங்க. சொறி மீன், அதான் ஜெல்லி மீன், பட்டா மணல் போட்டு தேய்க்காதீங்க, நல்ல தண்ணி ஊத்தாதீங்க, இடத்துக்கு இடம் சொறி வேற, அதுக்கு பண்றதும் வேற, அதனால முதல் நாளே பீச் காவலர்கிட்ட இங்க என்ன சொறி வரும், பட்டா என்ன பண்ணணும்னு கேட்டு வெச்சுக்கோங்க. கல்ல புரட்டி பாத்தீங்கன்னா அப்படியே திரும்ப வெச்சுடுங்க, அடியில ஒட்டியிருக்கறதெல்லாம் வெயில்ல செத்துடும். பவளத்து மேல மட்டும் கால் படவே கூடாது, அது கல்லு இல்ல, உயிர். சின்னச் சின்ன பூச்சி மாதிரி கோடிக்கணக்குல சேந்து கட்டினது, அதோட திசுக்குள்ள பாசி குடியிருந்து சோறு போடுது, தண்ணி கொஞ்ச நாள் வழக்கத்த விட ஒரு டிகிரி சூடானாலே பாசிய வெளிய தள்ளிட்டு வெளுத்துடும்.

தண்ணிக்குள்ள

இதுல நான் நிறைய சொல்ல மாட்டேன். இதயம், மூச்சு பிரச்சனை இருக்கறவங்க ஸ்நார்கல் (தண்ணிக்கு மேல மூச்சு வாங்கற குழாய்) போடறதுக்கு முன்னாடி டாக்டர கேளுங்க. நான் லைஃப் ஜாக்கெட் போட்டு, மக கைய பிடிச்சுக்கிட்டு, இடுப்பளவு தண்ணில மாஸ்க்க மட்டும் உள்ள வெச்சு பாத்தேன், அதுவே போதும். கிளிமீன் பவளப்பாறைய கறுக் முறுக்குன்னு கடிக்கற சத்தம் தண்ணிக்குள்ள தெளிவா கேக்கும். அது பாசிக்காக கடிச்சு, கல்ல அரைச்சு வெளிய போடறதுதான் நாம நடக்கற வெள்ள மணல், பெரிய மீன் ஒண்ணே வருஷத்துக்கு நூத்துக்கணக்கான கிலோ மணல் போடும். இத கேட்டதும் பேரனுக்கு மணல் மேல வந்த மரியாதைய பாக்கணும்.

கடல் இழுத்துட்டு போனா கரைய பாத்து எதிர்த்து நீந்தக்கூடாது, சோர்ந்துடுவோம். மிதந்துக்கிட்டு கைய தூக்கி கூப்பிடணும், முடிஞ்சா கரைக்கு பக்கவாட்டுல நீந்தி வெளிய வரணும். இத பிள்ளைங்களுக்கு தரையிலயே படுக்க வெச்சு சொல்லிக்குடுங்க.

அலையாத்தி காடும் மலைக்காடும்

முட்டி வலிக்காரங்களுக்கு அலையாத்தி காடு, அதான் மாங்குரோவ், வரப்பிரசாதம், அனேகமா மரப்பாலம் போட்டிருப்பாங்க, இல்லன்னா துடுப்பு போட்ல போகலாம். ஏத்தத்துல போட்ல போங்க, வத்தத்துல பாலத்துல போங்க, ரெண்டும் வேற வேற காடு. வத்தத்துல சேத்துக்குள்ள இருந்து பென்சில் நட்டு வெச்ச மாதிரி ஆயிரக்கணக்குல மூச்சுவேர் நிக்கும், சேத்துல காத்து இல்லாததால மரம் வேர மேல அனுப்பி மூச்சு வாங்குது. ஒரு கை மட்டும் பெருசா இருக்கற நண்டு அத ஆட்டி ஆட்டி பொண்டாட்டிய கூப்பிடும். சேத்துல தத்தி நடக்கற மீன் இருக்கு. கொசுவும் இருக்கு, நெறையவே.

மலைக்காட்டுக்கு போறதா இருந்தா ஷூ அடிய பிரஷ் போட்டு சுத்தம் பண்ணிட்டு போங்க, திரும்பி வந்தும் பண்ணுங்க. தீவுல இருக்கற செடி கொடி பறவை எல்லாம் வெளியாள் இல்லாம வளந்தது, புதுசா வந்த எலி, பன்னி, குரங்கெல்லாம் முட்டைய தின்னதும் சேந்துதான் மொரிஷியஸ்ல டோடோவே இல்லாம போச்சு. ஹவாய்ல ஓஹியா மரத்த கொல்ற பூஞ்சை ஒண்ணு மண்ணுல ஒட்டிக்கிட்டு பரவுதுன்னு காட்டு வழி வாசல்லயே பிரஷ் வெச்சிருக்காங்க. கேரிபியன் பக்கம் மான்சினீல்னு ஒரு மரம், பழம் குட்டி பச்ச ஆப்பிள் மாதிரி கரையில உதிர்ந்து கிடக்கும், பழத்த தொடவும் கூடாது, மழைக்கு அது அடியில ஒதுங்கவும் கூடாது, பால் பட்டா தோல் வெந்து போகும். சாயங்காலம் 5 மணிக்கெல்லாம் காட்ட விட்டு வெளிய வந்துடுங்க, அந்தப் பக்கம் சூரியன் செங்குத்தா இறங்கும், மறைஞ்சு அரை மணிக்குள்ள கும்மிருட்டு.

ராத்திரி

ராத்திரி சாப்பாடு முடிச்சதும் பிள்ளைங்க போன எடுக்கறதுக்கு முன்னாடி கரைக்கு கூட்டிட்டு போயிடுங்க. சிவப்பு காகிதம் சுத்தின டார்ச் போதும். ஆமை முட்டையிடற காலமா இருந்தா வெள்ள வெளிச்சமே கூடாது, குஞ்சுங்க கடல் மேல தெரியற மங்கின வெளிச்சத்த பாத்துத்தான் போகுது, ரூம் லைட்ட பாத்தா திசை மாறி ரோட்டுக்கு போயிடும். பால்கனி லைட்டயும் அணைச்சு வைங்க. ஆமைய பாத்தா பின்பக்கமா தள்ளி நின்னு, பேசாம இருங்க, முன்னாடி போனா முட்ட போடாம திரும்பிடும். பேத்திக்கு ரொம்ப பிடிச்சது ஒரு விஷயம், அந்த முட்டைல ஆணா பொண்ணான்னு முடிவு பண்றது மணலோட சூடு, சுமார் 29 டிகிரிக்கு மேல போனா பொண்ணு அதிகம்.

நிலா இல்லாத ராத்திரில தண்ணிய கையால கலக்கி பாருங்க, சில கடல்ல நீலமா மினுங்கும், கண்ணுக்கு தெரியாத உயிருங்க அது.

கதை கேப்பாங்க. கையில ரெண்டு கதை வெச்சுக்கோங்க. 1883ல இந்தோனேசியாவுல கிரகடோவா எரிமலை வெடிச்சு தீவுல ஒரு புல்லு கூட மிஞ்சல, மறு வருஷம் போய் பாத்தவங்களுக்கு கிடைச்ச ஒரே உயிர் ஒரு குட்டி சிலந்தி, அது பாட்டுக்கு வலை பின்னிக்கிட்டு இருந்துச்சாம். இன்னொண்ணு டார்வின். வட்டமா இருக்கற பவளத் தீவுக்கு அடியில மூழ்கிப்போன எரிமலை இருக்கும்னு அவர் 1842ல எழுதினாரு, யாராலயும் சரி பாக்க முடியல, 1952ல பசிபிக்ல இருக்கற எனிவெடாக் தீவுல துளை போட்டாங்க, 1,200 மீட்டர் ஆழத்துக்கும் அதிகமா பவளக்கல்லுதான், அதுக்கும் கீழ எரிமலைப் பாறை. அவர் சொன்னதுதான்.

கெளம்பற அன்னைக்கு

ஷூவ நல்ல தண்ணில கழுவி காய வைங்க, மண்ணோட வீட்டுக்கு கொண்டு வராதீங்க. பவளத் துண்டு, பெரிய சங்கு எதுவும் பையில வேண்டாம், கல் பவளம் எல்லாமே காட்டு உயிருங்கள வாங்கி விக்கறத கட்டுப்படுத்தற உலக ஒப்பந்தத்துல இருக்கு, அனுமதி இல்லாம எடுத்துட்டு வந்தா ஏர்போர்ட்ல பிடிச்சுக்குவாங்க. பிள்ளைங்க பாக்கெட்ட முந்தின நாள் ராத்திரியே பாருங்க, கெளம்பற நேரத்துல பாக்காதீங்க. எங்க பேரன் அரை டவுசர்ல இருந்து ஒரு வெள்ள சங்க எடுத்து வாஷ்பேசின்ல வெச்சேன், விளக்க அணைச்சு கொஞ்ச நேரத்துல டக் டக்குன்னு சத்தம். பீங்கான் மேல ஏறப்பாத்து வழுக்கி வழுக்கி விழுந்துக்கிட்டு இருந்துச்சு, உள்ள கரையில நடமாடற துறவி நண்டு. பேரன எழுப்பினேன், எங்க எடுத்தன்னு கேட்டேன், அந்த சாஞ்ச தென்னமரம்னான். ஒரு டம்ளர்ல போட்டுக்கிட்டு, சிவப்பு டார்ச்ச பிடிச்சுக்கிட்டு, நானும் அவனும் குச்சி ஊன்றி ஊன்றி போய் அந்த மரத்தடியில விட்டோம், அது கொஞ்ச நேரம் சங்குக்குள்ளயே இருந்துட்டு அப்புறம் கால நீட்டி இருட்டுக்குள்ள போச்சு.